பதக்க ரிப்பனில் இருக்கும் சிறு சின்னம் யாருக்கு உரியது?

சித்தூர் எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்ப்பக்கம் ராணுவத்தில் இருந்தவர்கள் நிறைய. அவர்களில் சிலரது பதக்க ரிப்பன்மேல் நகக்கண் அளவில் மின்னும் உலோகத் துண்டு எதற்கு என்பதே கேள்வி.

ஒரே பதக்கத்தை இரண்டாகக் குத்திக்கொள்ளும் வழக்கம் இல்லாததால், அதே வீர விருதை மறுமுறை பெற்றவருக்குப் பழைய ரிப்பனிலேயே ஓர் அடையாளம் சேர்க்கப்படுகிறது. பரம் வீர் சக்கரத்தின் ஊதா ரிப்பனில் அது இந்திரனின் வஜ்ராயுத வடிவில் அமைய வேண்டும் என்பது விதி, ஆனால் அவ்விருதை இருமுறை பெற்றவர் இதுவரை எவருமில்லை.

மாங்காய் மண்டியில் கூடை எண்ணுபவர் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பாரே, ஏறக்குறைய அந்தக் கணக்குதான் அமெரிக்கத் தரைப்படையிலும்: அங்கே மறுமுறை விருதுக்கு ரிப்பனில் சேர்க்கும் சின்னம் ஓக் மர இலை வடிவம்; ஐந்து வெண்கல இலைகளுக்கு ஈடாக ஒரு வெள்ளி இலை.

நம் படையினர் அணியும் தாமரை இலையைப் பலர் இரண்டாவது பதக்கம் என்று எண்ணுகிறார்கள். அது போர்க்கள அறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டவருக்கு உரியது.