வேலை தேடுற ஒரு வாரம் எப்படி போகும்? கடலூர், பாண்டி பக்கமே அக்கவுண்ட்ஸ் வேலை கிடைக்குமா, இல்ல சென்னைக்கு தான் போகணுமா?

இந்த ரெண்டு கேள்விய கேட்ட நீங்க பி.காம் முடிச்சிட்டு வீட்ல இருக்கீங்களாம், வீட்ல எல்லாரும் "நாள் பூரா அப்படி என்னதான் பண்ற"ன்னு கேக்குறாங்களாம். நானும் அதே கேஸ் தான். கடலூர் மஞ்சக்குப்பத்துல வீடு, மூணு வருஷம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட டேலி சாஃப்ட்வேர்ல கணக்கு போட்டுட்டு இருந்தேன், ஓனர் ஏஜென்சிய வேற ஆளுக்கு குடுத்துட்டாரு, வந்தவரு அவரு மச்சானையே கணக்குக்கு உக்கார வெச்சுட்டாரு, கதை முடிஞ்சுது. போன வாரம் எப்படி போச்சுன்னு சொல்றேன், உங்க ரெண்டு கேள்விக்கும் அதுலயே பதில் இருக்கும்னு நினைக்கிறேன்.

முதல்ல ஒண்ணு, வேலை இல்லாதவன் தான் வீட்ல ரொம்ப பிஸியான ஆளு. வேலைக்கு போயிட்டு இருந்தப்போ ரேஷன் கடை எந்த நாள் திறக்கும்னு கூட எனக்கு தெரியாது, இப்போ எந்த நாள் பருப்பு வரும், எந்த நாள் கைரேகை மெஷின் வேலை செய்யாதுன்னு வரைக்கும் தெரியும். ஈபி பில்லு, ஆயாவுக்கு மாத்திரை, சித்தப்பா பொண்ணு கல்யாண பத்திரிகை ப்ரூஃப் (ஆவணி முதல் முகூர்த்தம், ஆடி முடியறதுக்குள்ள அச்சு ஆகணுமாம்), எல்லாம் "நீ சும்மா தானடா இருக்க"ங்கற ஒரே வார்த்தையில என் தலைக்கு வந்துடும். லேப்டாப்ப திறந்து நௌக்ரி வெப்சைட்ல வேலைக்கு ரெசியூம் அப்டேட் பண்ண உக்காந்தா போதும், அம்மா தேங்காய் உரிக்க கூப்பிடுவாங்க. கோவமெல்லாம் இல்ல, ஆனா காலைல பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் என்னை யாரும் கூப்பிடக்கூடாதுன்னு இப்போ சொல்லி வெச்சிருக்கேன், பாதி நாள் நடக்குது.

போன வாரம் கொஞ்சம் விசேஷமான வாரம். ஆகஸ்ட் நடுவாந்திரம், ஆடி அஞ்சாவது வெள்ளி பாண்டி பக்கத்துல வீராம்பட்டினம் அம்மன் கோயில் தேர், அதுக்கு மறுநாள் சுதந்திர தினம், பாண்டிக்கு ஆகஸ்ட் 16 வேற தனி லீவு (1954 நவம்பர்லயே பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்த குடுத்துட்டாலும் சட்டப்படி இந்தியாவோட சேந்தது 1962 ஆகஸ்ட் 16ல தான், அதனால ரெண்டு நாளுமே அங்க கொண்டாட்டம்). இப்படி இருந்தா என்ன ஆகும், எல்லா கம்பெனியும் இன்டர்வியூவ திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள திணிச்சுடுவாங்க.

திங்கக்கிழமை பாண்டியில ஒரு பெரிய துணிக்கடை, பில்லிங் கம் அக்கவுண்ட்ஸ். கடலூர்ல பஸ் ஏறுனா ஆல்பேட்டை, பெண்ணையாத்து பாலம், முள்ளோடை, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஒரு மணி நேரம், இறங்கும்போது அயர்ன் பண்ண சட்டைய பாத்தா நமக்கே பாவமா இருக்கும், அதனால நான் சட்டைய பேக்ல மடிச்சு எடுத்துட்டு போயி பஸ் ஸ்டாண்ட் பாத்ரூம்ல மாத்திப்பேன். மேனேஜர் நல்லா தான் பேசினாரு, சம்பளமும் பரவால்ல, கடைசியில "டைமிங் காலைல ஒன்பது டூ நைட் ஒன்பதுப்பா, சீசன்ல கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்"னாரு. பன்னெண்டு மணி நேரம்! இதே ஊர்ல தான் 1936 ஜூலை 30ல எட்டு மணி நேர வேலை கேட்டு போராடின மில் தொழிலாளிங்க மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 பேர் செத்தாங்க, வருஷா வருஷம் மாலை போடறாங்க. இதையெல்லாம் அவர்கிட்ட சொல்லவா முடியும், "யோசிச்சு சொல்றேன் சார்"னு வந்துட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா அது உங்களுக்கு உபயோகமா இருக்கும். பாண்டியில ஆடிட்டர் ஆபீஸ் நிறைய இருக்கு, அவங்க யாரும் ஆன்லைன்ல விளம்பரம் குடுக்க மாட்டாங்க, நேரா போயி கேக்கணும். நான் போன அன்னைக்கு தேதி 11. உள்ள போனா ஒருத்தரும் தலை நிமிர்ந்து பாக்கல, போன் அடிச்சுட்டே இருக்கு, ஒரு அக்கா மட்டும் "தம்பி, இன்னைக்கு ஜிஎஸ்டிஆர் ஒண்ணுக்கு கடைசி தேதி, 20 வரைக்கும் 3பி ஓடும், 21க்கு மேல வாங்க, சாரே உக்காந்து பேசுவாரு"ன்னு ரெசியூம வாங்கி டிராயர்ல போட்டாங்க. அன்னைக்கு ஏறி இறங்குன மத்த ஆபீஸ்லயும் கிட்டத்தட்ட இதே கதை. மாசாமாசம் ஜிஎஸ்டி ஃபைல் பண்றவங்களுக்கு 11ம் தேதியும் (ஜிஎஸ்டிஆர் ஒண்ணு, வித்த கணக்கு) 20ம் தேதியும் (3பி, வரி கட்டற கணக்கு) தான் உயிர் போற நாளு, 7ம் தேதி டிடிஎஸ் (காசு குடுக்கும்போதே புடிச்சு வெச்ச வரி) கட்டணும், ஜூலை கடைசியில ஐடி ரிட்டர்ன். இந்த தேதிங்கள காலண்டர்ல சுழிச்சு வெச்சுட்டு, 21ல இருந்து மாசக் கடைசிக்குள்ள ஆடிட்டர் ஆபீஸுக்கு நடங்க. எந்த வேலை தளத்துலயும் இத சொல்லித்தர மாட்டாங்க.

மத்தியானம் வெயில்ல சுத்த முடியாம பாரதி பூங்கா பக்கத்துல இருக்கற ரோமன் ரோலந்து லைப்ரரில போயி உக்காந்தேன். 1827ல ஆரம்பிச்சது, இங்கிலீஷ் தமிழ் பேப்பர் எல்லாம் கிடக்கும், ஃபேன் ஓடும், யாரும் "என்ன வேணும்"னு கேக்க மாட்டாங்க. என்னை மாதிரி ஃபைல மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கற பசங்க நாலஞ்சு பேர் எப்பவும் இருப்பாங்க, அதுல ஒருத்தர் சொல்லி தான் ஒரு கம்பெனிய பத்தியே தெரிஞ்சுது, அது கீழ வருது.

புதன் பூரா போன்லயே போச்சு. ஒரு நம்பர்ல இருந்து "சார் உங்க ப்ரொஃபைல் செலக்ட் ஆயிடுச்சு, லேப்டாப் டெபாசிட் மட்டும் ரெண்டாயிரத்தி ஐநூறு கட்டிடுங்க, முதல் சம்பளத்தோட ரீஃபண்ட்"னு ஒரு பொண்ணு தேன் மாதிரி பேசுது. இன்டர்வியூவே இல்லாம செலக்‌ஷனாம். வேலை குடுக்கறவன் நமக்கு காசு குடுக்கணுமே தவிர நாம குடுக்கக்கூடாது, அவ்ளோ தான் ரூல். யாராச்சும் ஏற்கனவே கட்டிட்டீங்கன்னா லேட் பண்ணாம 1930க்கு போன் பண்ணுங்க, அது சைபர் க்ரைம் நம்பர். ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட "வெரிஃபிகேஷனுக்கு"ன்னு வாங்கி வெச்சுக்கறவங்க கிட்டயும் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க.

அந்த லைப்ரரி பையன் சொன்ன கம்பெனி, பாண்டி மேட்டுப்பாளையம் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு பிளாஸ்டிக் யூனிட். ஹெச்ஆர் மேடம் சென்னையில இருந்து போன் பண்ணி "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்துடுங்க"ன்னாங்க. "மேடம் அன்னைக்கு வீராம்பட்டினம் தேர், கடலூர் ரோட்ல அரியாங்குப்பத்த தாண்டறதே கஷ்டம்"னேன். அவங்களுக்கு புரியல, "எந்த தேர்?"னு கேட்டாங்க. செங்கழுநீர் அம்மன் தேருங்க, பிரெஞ்சுக்காரன் காலத்துல கவர்னரே வந்து வடம் புடிப்பாரு, இப்பவும் லெப்டினன்ட் கவர்னர் வராருன்னு விளக்குனதுக்கு அப்புறம் தான் சிரிச்சுட்டே வியாழன் மத்தியானத்துக்கு மாத்துனாங்க.

வியாழக்கிழமை காலைல ரெட்டியார்பாளையம் அத்தைய கண்ணு செக்கப்புக்கு ஜிப்மருக்கு கூட்டிட்டு போறதா ஏற்கனவே ஒத்துக்கிட்டு இருந்தேன் ("அவன் சும்மா தான இருக்கான்"). ஜிப்மர் இருக்கற கோரிமேட்டுல இருந்து மேட்டுப்பாளையம் பக்கம் தான், ஆனா அத்தைய வீட்ல விட்டுட்டு திரும்பி வர நேரம் இல்ல, சொட்டு மருந்து விட்டு கண்ணு மங்கலா இருக்கு, தனியா பஸ் ஏத்தவும் மனசு வரல. "நானும் வரேன்டா, வெளிய உக்காந்துக்கறேன்"னு அத்தையே சொல்லிடுச்சு. அத்தைய கூட்டிட்டு இன்டர்வியூவுக்கு போன ஆள் நானா தான் இருக்கும்.

இன்டர்வியூ நல்லா போச்சு. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பழைய ஆளு, சர்டிஃபிகேட்ட புரட்டக்கூட இல்ல, நேரா "பாண்டியில இருந்து கடலூருக்கு சரக்கு அனுப்புறோம், என்ன டாக்ஸ்?"னாரு. ஐஜிஎஸ்டி சார்னேன், ஸ்டேட் விட்டு ஸ்டேட் போற சரக்குக்கு அது தான். இருவது சொச்சம் கிலோமீட்டர் தான், ஆனா முள்ளோடைய தாண்டுனா வேற ஸ்டேட்டு, சரக்கு மதிப்பு 50,000 தாண்டுனா ஈவே பில்லும் (சரக்கு வண்டிக்கு ஆன்லைன்ல எடுக்கற சீட்டு) வேணும், தமிழ்நாட்டுக்குள்ளயே போறதா இருந்தா அது ஒரு லட்சம். அடுத்து "சரி, பாண்டிக்குள்ளயே வித்தா? யூனியன் பிரதேசம் தான, யூடிஜிஎஸ்டியா?"ன்னு ஒரு தூண்டில் போட்டாரு. இல்ல சார், இங்க சட்டசபை இருக்கு, அதனால மத்த ஸ்டேட் மாதிரியே சிஜிஎஸ்டி (மத்திய பங்கு) எஸ்ஜிஎஸ்டி (மாநில பங்கு) தான்னேன். தலைய ஆட்டுனாரு. நீங்க இந்த பக்கம் இன்டர்வியூ போறதா இருந்தா இந்த ரெண்டையும் கண்டிப்பா தெரிஞ்சு வெச்சுக்கோங்க, சென்னை யூடியூப் கிளாஸ்ல இத பேச மாட்டாங்க, இங்க கேக்காம விடமாட்டாங்க.

வெளிய வந்தா அத்த வாட்ச்மேன் சேர்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கு. பஸ்ஸ்டாப்புக்கு நடக்கும்போது சொல்லுது, "ஏன்டா, இங்க சம்பளம் பதினஞ்சாம் தேதிக்கு மேல தான் வருமாம், முன்ன இருந்த கணக்குப்புள்ள அதனால தான் நின்னுட்டானாம், கேண்டீன் சாப்பாடு மட்டும் நல்லா இருக்குமாம்." மங்கலான கண்ணோட முக்கா மணி நேரத்துல இவ்ளோ விசாரிச்சிருக்கு! நான் கூகுள்ல ரிவ்யூ தேடி ஒண்ணும் கிடைக்காத கம்பெனி அது. அதுல இருந்து எந்த கம்பெனிக்கு போனாலும் வாட்ச்மேன்கிட்டயும் எதிர்ல இருக்கற டீக்கடையிலயும் பேசிட்டு தான் வரேன்.

வெள்ளிக்கிழமை தேர், போகல, வீட்ல அம்மா கூழ் ஊத்துனாங்க. ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல வெளிர் நீலத்துல ஒரு சட்டையும் பெல்ட்டும் வாங்குனேன், பேரம் பேசுனா இன்டர்வியூ சட்டைக்கு அத விட நல்ல இடம் இல்ல.

இப்போ உங்க ரெண்டாவது கேள்வி. பாண்டி கவர்மென்ட் வேலைக்கு அந்த ஊர் இருப்பிடச் சான்று கேப்பாங்க, கடலூர்க்காரங்களுக்கு அது ஒத்து வராது, நமக்கு பிரைவேட் தான். நம்ம எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் பதிவ மட்டும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவ ரினியூ பண்ணிடுங்க, பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியும் வேலை இல்லன்னா டிகிரிக்கு மாசம் 600 ரூபா உதவித்தொகை இருக்கு, பஸ் காசுக்காச்சும் ஆகும். பிரெஞ்சு கத்துக்கற பொறுமை இருந்தா கத்துக்கோங்க, டெல்ஃப் பி1ங்கற பிரெஞ்சு பரீட்சை முடிச்ச என் ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்ல உக்காந்தே பிரெஞ்சு கம்பெனி இன்வாய்ஸ் பாக்கறான், அவன் சம்பளத்த சொன்னா வயிறு எரியும்.

சென்னை பத்தி, ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனி போன்லயே பேசி முடிச்சு 22,000னாங்க. சிடிசி 22,000, அதாவது கம்பெனி நமக்காக பண்ற மொத்த செலவு, கைக்கு வரது இல்ல. எல்லாரும் இங்க தான் ஏமாறுறோம். பேசிக் 12,000னு வெச்சாங்கன்னா அதுல 12 சதவீதம் பிஎஃப் 1,440 நம்ம பங்கு, கம்பெனி பங்கு இன்னொரு 1,440 அதையும் சிடிசிக்குள்ள தான் சேத்திருப்பாங்க, கிராஸ் (புடிக்கறதுக்கு முன்னாடி சம்பளம்) 21,000க்குள்ள வரதால ஈஎஸ்ஐ (மருத்துவ இன்சூரன்ஸ்) வேற, நமக்கு முக்கா சதவீதம், அவங்களுக்கு மூணேகால். கழிச்சு பாத்தா கைக்கு 18,300 கிட்ட வருது. பெருங்குடில சாப்பாட்டோட பிஜி எட்டாயிரத்துக்கு கீழ இல்ல, பஸ்ஸு, துணி, மாசம் ரெண்டு தடவ ஊருக்கு வரதுன்னு போனா மிஞ்சறது ஏழோ எட்டோ. பாண்டியில ஆடிட்டர் ஆபீஸ்ல கைக்கு பதினாலு குடுத்தாலும் பஸ்ஸுக்கு ரெண்டாயிரம் போக பன்னெண்டு வீட்டுக்கு வரும், வேலையும் அங்க தான் கத்துக்க முடியும், கம்பெனியில ஒரே எண்ட்ரிய வருஷம் பூரா போட்டுட்டு இருப்போம். அதனால கைக்கு இருபத்தஞ்சுக்கு கீழ சென்னை வேணாம்னு நான் முடிவு பண்ணிட்டேன், உங்களுக்கு வீட்டு நிலைமை வேறயா இருந்தா கணக்கும் வேறயா வரும், போட்டு பாத்துக்கோங்க. பிளாஸ்டிக் கம்பெனில செகண்ட் ரவுண்டுக்கு கூப்பிட்டிருக்காங்க, சம்பளம் எந்த தேதியில வரும்னு ஆஃபர் லெட்டர்ல எழுதி குடுப்பீங்களான்னு மெயில்ல கேட்டு வெச்சிருக்கேன், அதுக்கு என்ன பதில் வருதுன்னு பாத்துட்டு தான் 21ம் தேதி எங்க போறதுன்னு முடிவு பண்ணணும்.