மணிக்கூட்டு இலக்கங்களின் பாணியில் தமிழை எழுத முடியுமா?

திருகோணமலை பேருந்து நிலையத்துக்கு அருகில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், புதிய பெயர்ப்பலகைக்காக டிஜிட்டல் மணிக்கூட்டின் சாயலிலுள்ள எழுத்துரு ஒன்றைத் தரவிறக்கியதாகவும், அதில் இலக்கங்களும் ஆங்கிலமும் சரியாக வர, ‘மணிக்கூடு திருத்துமிடம்’ என்ற தமிழ் மட்டும் சாதாரண எழுத்தாகவே நிற்பதாகவும் எழுதி, காரணமும் வழியும் கேட்டிருக்கிறார்.

பழுது உங்கள் கணினியில் இல்லை. அந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் வரையப்படாததால், கணினி தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. வரையாமல் விட்டதற்கும் காரணம் உண்டு. டிஜிட்டல் மணிக்கூட்டின் ஒவ்வோர் இலக்கமும் ஏழு கோடுகளால் ஆனது. அவற்றை ஏற்றியும் அணைத்தும் 128 வடிவங்கள் பெறலாம் என்றாலும், அவை யாவும் 8 என்ற இலக்கத்தின் துண்டுகளே. பத்து இலக்கங்களுக்கு அது தாராளம். ஆங்கிலத்தின் கே, எம், எக்ஸ் ஆகியவற்றுக்கே போதாமல்தான் சாய்கோடுகள் சேர்ந்த 14, 16 கோட்டு அமைப்புகள் தேவைப்பட்டன. தமிழில் ட, ப இரண்டும் ஏழு கோட்டில் இயல்பாக அமைந்துவிடும். ஆனால் மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் சுழியை எண்ணித்தானே பிரிக்கிறோம்? சுழியே வராத அமைப்பில் உங்கள் ‘ணி’ படிக்கப்படாது. ‘க்’ என்பதன் புள்ளிக்கும் தலைமேல் இடமில்லை. இருக்கும் ஒரே புள்ளி கீழே வலப்புறத்துத் தசமப்புள்ளிதான்.

ஆகவே கோட்டு எழுத்துருவை இலக்கங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தமிழைத் தடிப்பு மாறாத, மூலைகள் சற்றே சதுரமான ஓர் எழுத்துருவில் அமைப்பதே என் ஆலோசனை. தமிழும் மின்பலகைபோலத் தெரிய வேண்டுமென்றால் புள்ளிகளால் ஆன வடிவத்தை நாடலாம். ஆங்கிலத்துக்குப் போதுமான 5க்கு 7 புள்ளிக் கட்டம் தமிழுக்குப் போதாது, உயரத்தில் 16 வரிசைகளாவது வேண்டும்.

இலக்கங்களில்தான் உங்கள் பலகை உயிர் பெறும். முதலில் 88:88 என்பதை மிக மங்கிய நிறத்தில் இட்டு, அதன்மேல் அதே அளவில் 10:26 போன்ற நேரத்தை அழுத்தமான நிறத்தில் வைத்தால், அணைந்த கோடுகள் பின்னே தெரிவதுபோல் இருக்கும். இதற்கு எல்லா இலக்கங்களும் ஒரே அகலம் கொண்டிருக்க வேண்டும். 1 கூட 8 இன் இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டு வலப்பக்கக் கோடுகளில் நிற்க வேண்டும். மேற்கோடு இல்லாத 6 ஐத் தவிர்த்துவிடுங்கள். அது ஆங்கிலச் சிறிய பி எழுத்தாகத் தோன்றும். ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு 8 உம் ஏழு தனித் துண்டுகளாகிவிடும், ஒரு துண்டு கழன்றால் 8 பூச்சியமாகவும் மாறலாம் (மணிக்கூடு திருத்துபவரின் பலகைக்கு அது அழகல்ல). ஒரே தாளில் அச்சிடுவது பாதுகாப்பானது.

தரவிறக்கிய எழுத்துருவின் உரிமத்தையும் வாசியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பல, சொந்தப் பாவனைக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. ‘டிசெக்’ என்ற எழுத்துருக் குடும்பம் 7, 14 கோட்டு வடிவங்களில் திறந்த உரிமத்துடன் கிடைப்பதால் கடைப் பலகைக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு மாதிரியைச் சுவரில் ஒட்டி, வீதியின் மறுகரையில் நின்று பாருங்கள். கோடுகளுக்கிடையிலான இடைவெளி அங்கிருந்து முற்றாக மறைந்துவிட்டால் அதைச் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள்.