பால் ஜாயின்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பால் ஜாயின்ட் பற்றியவைதான். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும், அதை வண்டியோடு சேர்க்கும் கை போன்ற ஆர்மையும் இணைக்கும் மூட்டுத்தான் அது: ஒரு கிண்ணத்துக்குள் உருளும் குண்டு, அதிலிருந்து நீளும் ஒரு தண்டு. கீழே இருக்கும் ஆர்மைத்தான் லோயர் ஆர்ம் என்பார்கள். குடியாத்தத்திலிருந்து போளூர் வரை, பழைய வட ஆற்காடு முழுக்கச் சொந்தமாக ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் 'டக்' என்று சத்தம். பால் ஜாயின்ட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். வண்டி ஸ்விஃப்ட். நானே பார்த்து உறுதி செய்ய முடியுமா? – சத்துவாச்சாரி வாசகர்

முடியும், பார்த்துவிட்டே செலவு செய்யுங்கள். அதே சத்தத்தை, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கும் கொடுக்கும், லோயர் ஆர்மின் மறுமுனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் கொடுக்கும்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீட்டில் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் மேல் சந்தேகப்படலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் மட்டும் அசைகிறது என்றால் டை ராட் எண்டை, அதாவது ஸ்டியரிங் ராடின் முனையைப் பாருங்கள். கடைசியாக ஒரு டயர் லீவரை லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் கொடுத்து மெல்ல நெம்புங்கள். கண்ணை ஜாயின்ட் மேலேயே வைத்திருங்கள். நல்ல ஜாயின்ட்டில் ரப்பர் மட்டும் லேசாக அமுங்கும். தேய்ந்ததில் தண்டு கிண்ணத்துக்குள் மேலும் கீழும் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

என்னென்ன டூல்ஸ் வாங்க வேண்டும்? – குடியாத்தம், ஆற்காடு, செய்யாறு வாசகர்கள்

முதலில் இரண்டு ஸ்டாண்ட். வண்டியோடு வரும் ஜாக்கி பஞ்சருக்கு மட்டும்தான், அதை நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்காதீர்கள். அரை இஞ்ச் சாக்கெட் செட், நீளமான கைப்பிடி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், துரு இளக்கும் ஆயில், ஒரு கிலோ சுத்தியல் இரண்டு. அப்புறம் ஜாயின்ட்டின் தண்டைத் துளையிலிருந்து பிரித்தெடுக்கும் திருகு வகை பால் ஜாயின்ட் செப்பரேட்டர். கவை மாதிரி இருந்து சுத்தியலால் அடித்து ஏற்றும் வகையும் கடையில் கிடைக்கும். விலை குறைவுதான், ஆனால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) கிழித்துவிடும். தூக்கிப் போடப் போகும் ஜாயின்ட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் வண்டியில் ஜாயின்ட் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கப் போங்கள். சிலவற்றில் போல்ட் போட்டிருக்கும். சிலவற்றில் ஆர்மோடு சேர்ந்தே வரும். சிலவற்றில் ஆர்முக்குள் இறுக்கமாக பிரஸ் செய்திருப்பார்கள். இந்தக் கடைசி வகையைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் கோணலாகப் போய் ஆர்மின் துளையே விரிந்துவிடும். பிரஸ் டூல் இல்லையென்றால் முழு ஆர்மாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆர்மைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய் பிரஸ் செய்து வாருங்கள்.

என் வேனில் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். காரில் செய்வது போலவே செய்யலாம்தானே? – ஆரணி வாசகர்

அப்படியே செய்யக் கூடாது. நீங்கள் கேட்டுவிட்டுச் செய்வது பெரிய நிம்மதி.

எந்த நட்டில் கை வைப்பதற்கு முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டியின் பாரம் இப்போது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? ஸ்விஃப்ட், ஆல்டோ போன்ற கார்களில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோடு (ஷாக் அப்சார்பர் தூண்) சேர்ந்து மேலே நிற்கிறது. கீழே இருக்கும் பால் ஜாயின்ட் சக்கரத்தை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்கிறது. உங்கள் வேன் மாதிரி வண்டிகளில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் வேலையைச் செய்யும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி அந்த ஆர்மை முறுக்கிப் பிடித்திருக்கும். சேஸிஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலும் அந்த அழுத்தம் போகாது. ஆர்மைக் கீழே போகவிடாமல் பிடித்திருப்பதே பால் ஜாயின்ட்தான்.

தொழில் பழகிய காலத்தில் இதை நான் நேரில் பார்த்தேன். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட், ஆர்முக்கு அடியில் ஒன்றுமில்லை. நட்டை முழுதாகக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் ஒரு அடி அடித்தேன். வெடிகுண்டு போட்டது போல ஒரு சத்தம். ஆர்ம் தரையில் அறைந்தது, ஸ்பிரிங் பட்டறையின் மறுகோடிக்குப் பறந்து ஆயில் டிரம்மை நசுக்கிவிட்டு நின்றது. வண்டிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த மேஸ்திரி ஒரு நிமிடம் முன்புதான் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் சேஸிஸ் ஸ்டாண்டில் இருக்கட்டும். ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே கொடுத்து, ஆர்ம் கொஞ்சம் மேலே எழும்பும்வரை தூக்குங்கள். வேலை முடியும்வரை அந்த ஜாக்கியைத் தொடாதீர்கள். நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, அது தண்டிலேயே இருக்கும்போது செப்பரேட்டர் போடுங்கள். டப்பென்று விட்டாலும் நட்டு தாங்கிக்கொள்ளும். டார்ஷன் பார் வண்டியென்றால் அதன் அட்ஜஸ்டர் போல்ட்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று அளந்து எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தளர்த்திவிட்டே தொடங்குங்கள். காயில் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் அதோடு நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

ஆட்டம் பார்ப்பதற்கும் இதே கணக்குத்தான். உங்கள் வண்டியில் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால்தான் ஆட்டம் தெரியும். சேஸிஸில் தூக்கினால் ஸ்பிரிங் ஜாயின்ட்டை இழுத்துப் பிடித்து, தேய்ந்ததையும் நல்லது போலக் காட்டும்.

தண்டு வரவே மாட்டேன் என்கிறது. மரை மேல் அடித்து மரையும் போய்விட்டது. – வாணியம்பாடி வாசகர்

மரை போனதற்குக் கவலைப்படாதீர்கள், எப்படியும் அந்த ஜாயின்ட் குப்பைக்குத்தான். தண்டு கூம்பாக இருக்கிறது. கூம்பான துளைக்குள் ஆப்பு மாதிரி இறுகியிருக்கிறது. ஆப்பை நேராக அடித்தால் சுலபத்தில் வராது. நக்கிளில் அந்தத் துளை இருக்கும் இடத்தின் பக்கவாட்டில் ஒரு சுத்தியலைத் தாங்கலாக வைத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி நாலைந்து அடி. துளை ஒரு கணம் நெளிந்து ஆப்பை விட்டுவிடும். செப்பரேட்டரை முறுக்கி இறுக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தால் இன்னும் சீக்கிரம். புதியதைப் போடும்போது கூம்பைத் துணியால் துடைத்து உலர்வாகப் போடுங்கள், கிரீஸ் தடவாதீர்கள்.

மாருதி சின்னக் கார்கள் பலவற்றில் இந்தக் கூம்பே கிடையாது. தண்டில் ஒரு பள்ளம் இருக்கும், நக்கிளின் பிளவில் ஒரு போல்ட் குறுக்கே போய் அந்தப் பள்ளத்தில் உட்காரும். அந்த போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக உருவ வேண்டும். பிளவில் உளியை லேசாகக் கொடுத்தால் தண்டு நழுவி வரும். பூட்டும்போது போல்ட் கையாலேயே தடங்கலின்றி உள்ளே போனால் தண்டு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தால் நிறுத்துங்கள்.

மேலே பள்ளங்கள் வெட்டி, குறுக்கே ஸ்பிலிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) போடும் முள்முடி நட்டு வகையில், வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கிய பிறகு ஸ்பிலிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. பின் புதியதாக இருக்கட்டும்.

லோயர் ஆர்ம் நானே மாற்றினேன். மூன்றே மாதத்தில் புஷ் கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கா? – ஆம்பூர் வாசகர்

சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கியிருப்பீர்கள். தொங்கும் நிலையில் ரப்பர் இறுகிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும். பள்ளம் மேடு ஒவ்வொன்றிலும் இன்னும் முறுக்கும். அடுத்த முறை போல்ட்டுகளை லேசாக மட்டும் இறுக்கி விட்டு, சக்கரங்களில் பாரம் இறங்கிய பிறகு கடைசி இறுக்கு கொடுங்கள்.

ரப்பர் பூட் மட்டும் கிழிந்திருக்கிறது, ஆட்டம் இல்லை. பூட்டை மட்டும் மாற்றலாமா? – காட்பாடி வாசகர்

கிழிந்த உடனே பார்த்திருந்தால் மாற்றலாம். உள்ளே கிரீஸை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் பட்டால் ஜாயின்ட்டையே மாற்றுங்கள். 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் வந்த வண்டிகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்: வெளியே சின்னக் கிழிசல், உள்ளே வண்டல்.

என் மினி லாரியில் பால் ஜாயின்ட்டையே காணோமே? – போளூர் வாசகர்

முன்னால் பட்டை ஸ்பிரிங்கும் நேரான ஆக்ஸிலும் இருந்தால் சக்கரம் கிங் பின் என்ற செங்குத்துத் தண்டில் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் தவறாமல் அடியுங்கள். ஸ்டியரிங் ராடுகளின் முனையில் இருப்பவை பால் ஜாயின்ட் குடும்பம்தான், அவற்றைப் பாருங்கள்.

ஆட்டம் நன்றாகவே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏலகிரி போக வேண்டும். போய் வந்து மாற்றிக்கொள்கிறேனே? – திருப்பத்தூர் வாசகர்

வேண்டாம் ஐயா, தயவுசெய்து வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தையிலிருந்து மாடு ஏற்றிக்கொண்டு வந்த பிக்கப் ஒன்று, மெதுவாகப் போகும்போதே முன்சக்கரம் வெளியே மடங்கிச் சாலையில் உட்கார்ந்துவிட்டது. கிண்ணத்திலிருந்து உருவி வந்த குண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகி இருந்தது. கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை, செங்கல் பொடி மாதிரித் துரு. இரண்டு மாதமாகவே சத்தம் இருந்தது என்றார் ஓட்டுநர். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் பாரம் ஒரு பக்க முன்சக்கரத்தில் அதிகமாகச் சாயும்.

ஜாயின்ட்டை மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, 50 கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டி, டயர் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்த பிறகு மலை ஏறுங்கள். இந்த ஞாயிறே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் திருப்பத்தூரிலிருந்து ஏலகிரிக்கு பஸ் இருக்கிறது.