வீட்டுப் பட்டறைக்கு டேபிள் சா: எதைப் பார்த்து வாங்குவது, எந்த பிளேடு பொருந்தும்?

கார் ஷெட்டில் பாதியைப் பட்டறையாக்கி, பிளைவுட் அலமாரிகளும் பழைய தேக்கில் ஒரு சாப்பாட்டு மேசையும் செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மேசை நடுவே வட்ட பிளேடு எழும்பி நிற்கும் டேபிள் சா வாங்குவதா, இல்லை தெரிந்த ஆசாரி சொன்னபடி கையில் பிடித்து அறுக்கும் கட்டரைப் பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டிக்கொள்வதா, வாங்கினால் எந்த பிளேடு என்று கேட்கிறீர்கள். நானும் வீட்டில் மரவேலை செய்கிறவன். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: தலைகீழ் கட்டர் வேண்டாம்.

ஆசாரிகள் அதை வைத்துக்கொண்டு அருமையாக வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது பல வருடம் பழகிய கை. அந்த அமைப்பில் பிளேடுக்கு மேல் மூடி கிடையாது, பின்னால் வெட்டு மூடாமல் பிடிக்கும் தகடு, அதாவது ரைவிங் நைஃப் கிடையாது. சுவிட்சை அழுத்தி டேப் சுற்றியிருப்பார்கள். மரம் சிக்கிக்கொண்டால் அணைப்பதற்குக் குனிந்து பிளக்கைத் தேட வேண்டும். நாலு இஞ்ச் மார்பிள் கட்டர் என்றால் இன்னும் மோசம். அது நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும்.

வீட்டுக்குத் தோதானது 10 இஞ்ச், அதாவது 250 அல்லது 254 மி.மீ. பிளேடு போடுகிற, தூக்கிச் செல்லக்கூடிய ஜாப்சைட் வகை. வார்ப்பிரும்பு மேசையுள்ள கேபினெட் சா அருமையான மெஷின்தான், ஆனால் பாதி ஷெட்டில் அதற்கு இடம் இருக்காது. போஷ், மகிட்டா, டிவால்ட் எதை எடுத்தாலும் மோட்டார் பெரும்பாலும் 1500 முதல் 2000 வாட் அளவில் வரும். வீட்டு வேலைக்கு அது போதும். உண்மையான வித்தியாசம் ஃபென்ஸில்தான், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுவதற்காக மேசையில் பூட்டும் நேரான சட்டத்தில்தான் இருக்கிறது. கடைக்காரர் வாட்டைப் பற்றியே பேசுவார், நீங்கள் ஃபென்ஸைப் பிடித்துப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துப் போங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேடை முழுசாக உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது மேசையில் பிளேடுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் மைட்டர் பள்ளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளங்கள். அதே பல்லைக் கையால் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிளேடு பள்ளத்துக்கு நேராக நிற்கிறது. அப்புறம் ஃபென்ஸைப் பூட்டி, அதன் பின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நகரவே கூடாது. பூட்டித் திறந்து திரும்பப் பூட்டினாலும் முன்னும் பின்னும் பள்ளத்திலிருந்து ஒரே தூரம் வர வேண்டும். டிவால்ட்டின் பல்சக்கரத்தில் நகரும் ஃபென்ஸ் எனக்குப் பிடித்ததற்கு இதுதான் காரணம்: இரண்டு முனையும் சேர்ந்தே நகரும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஃபென்ஸின் பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால், அறுபட்ட மரம் பிளேடின் பின்பக்கப் பற்களில் போய் நெருங்கும். முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேலே எழும்பி உங்களை நோக்கி வருகின்றன. 254 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3,650 சுற்று ஓடும்போது பல்லின் வேகம் மணிக்கு சுமார் 175 கி.மீ. அந்த வேகத்தில்தான் மரம் உங்கள் வயிற்றுக்கு வரும். இதற்குப் பெயர் கிக்பேக். ஈர மரம், உள்ளிறுக்கம் உள்ள மரம் எல்லாம் அறுக்க அறுக்கத் தானாகவே மூடிக்கொள்ளும். அப்போது வெட்டு மூடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது பிளேடுக்குப் பின்னாலுள்ள அந்தத் தகடு, ரைவிங் நைஃப். பிளேடோடு ஏறி இறங்கி, பிளேடோடு சாய்கிற நைஃப் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செகண்ட் ஹாண்டில் எடுத்தால் அந்தத் தகடு பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், பெரும்பாலும் கழற்றித் தொலைத்திருப்பார்கள்.

பிளேடுப் பொருத்தமும் இந்தத் தகட்டிலிருந்துதான் தொடங்குகிறது. பிளேடின் முகத்தில் 254 × 2.6/1.8 × 30, Z40 என்பது போல அச்சிட்டிருக்கும். 254 விட்டம், 30 நடுத்துளை, 40 பற்களின் எண்ணிக்கை. 2.6 என்பது பல்லின் அகலம், அதாவது வெட்டின் அகலம், 1.8 பிளேடு உடலின் தடிமன். ரைவிங் நைஃப் மேலும் ஓர் எண் பொறித்திருக்கும், உதாரணமாக 2.2. அந்த எண் இந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். வெட்டு நைஃபைவிடக் குறுகலாக இருந்தால் மரம் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். “தகடு இடிக்கிறது” என்று அதைக் கழற்றி வைப்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய பிளேடுகளில் இந்த இரண்டு எண்களும் பல சமயம் போட்டிருக்காது. போடாத பிளேடை நான் வாங்குவதில்லை.

துளையில் கவனம் தேவை. நம் ஊரில் 25.4, 30 என்று இரண்டு அளவும் புழங்குகின்றன. மெஷினின் மேனுவலைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் பிளேடு வாங்கி வருகிறேன் என்றால் யோசியுங்கள், அங்கே 10 இஞ்ச் பிளேடின் துளை 5/8 இஞ்ச், 16 மி.மீ.கூட வராது. லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கும் வேலை வேண்டவே வேண்டாம், மையம் இம்மி விலகினாலும் பிளேடு ஆடும். பிளேடில் போட்டிருக்கும் அதிகபட்ச சுற்று மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

உங்கள் வேலைக்கு இரண்டு பிளேடு போதும். தேக்கை நீளவாக்கில் அறுக்க 24 பல், தட்டையான பல் முனை உள்ளது. பற்களுக்கிடையே பெரிய குழி இருப்பதால் தூள் தாராளமாக வெளியேறும், மரம் கருகாது. பிளைவுட்டுக்கும் குறுக்கு வெட்டுக்கும் 60 பல், இடம் வலமாக மாறி மாறிச் சாய்ந்த பல் உள்ளது. மைக்கா ஒட்டிய பலகையே அதிகம் அறுப்பீர்கள் என்றால், தட்டைப் பல்லும் மூலை மழித்த பல்லும் மாறி மாறி வரும் டிசிஜி வகைதான் விளிம்பு தெறிக்காமல் வெட்டும். டேபிள் சாவில் நல்ல முகம் மேலே இருக்கட்டும், சிம்பு கீழ்ப்பக்கம்தான் பிய்யும். கைக்கட்டரில் இது தலைகீழ். எட்டுக்கு நாலு பிளைவுட்டை முழுசாகத் தூக்கி மேசையில் வைக்காதீர்கள். 18 மி.மீ. பலகை முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், ஜாப்சைட் மேசை தாங்காது. கைக்கட்டரால் தோராயமாகத் துண்டு போட்டுவிட்டு இங்கே கொண்டு வாருங்கள்.

யூடியூபில் அமெரிக்கர்கள் டாடோ என்று பல பிளேடுகளை ஒன்றாக அடுக்கி அகலமான பள்ளம் எடுப்பதைப் பார்த்து ஆசைப்படுவீர்கள். இங்கே விற்கும் பெரும்பாலான மெஷின்களில் பிளேடு மாட்டும் தண்டு அதற்கு நீளம் போதாது. பள்ளத்துக்கு, மரத்தைக் குடையும் கை மெஷினான ரௌட்டர் நல்லது, அல்லது அந்த 24 பல் பிளேடாலேயே பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி எடுக்கலாம், அடி தட்டையாக வரும்.

பழைய தேக்கு பற்றி ஒன்று. காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் நிலையும் உத்தரமும் கிடைக்கின்றன, மரம் அற்புதமானது. ஆனால் உள்ளே தலை போன ஆணிகள் இருக்கும். வலுவான காந்தத்தை நாலு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஆணி பல் முனையில் ஒட்டியிருக்கும் கார்பைடு என்ற கடினத் துண்டுகளை உடைத்துவிடும். அப்புறம் ஒரு முகத்தையும் ஓர் ஓரத்தையும் இழைப்புளியால் நேராக்கிய பிறகே மேசைக்குக் கொண்டு வாருங்கள், முறுக்கிய மரம் ஃபென்ஸில் ஆடினால் அதுவும் கிக்பேக்தான்.

மின்சாரம் 16 ஆம்ப் பிளக்கில் நேரடியாக. எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாது என்றால் 2.5 சதுர மி.மீ. வயர். தேக்குத் தூள், வேப்பந்தூள் இரண்டும் மூச்சைப் படுத்தும், என்95 மாஸ்க் போடுங்கள். கையுறை மட்டும் கூடாது, பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். ஆனால் மரம் கருக ஆரம்பித்ததும் புது பிளேடு வாங்க ஓடாதீர்கள். பாதி நேரம் பல்லில் பிசின் அப்பியிருப்பதுதான் காரணம். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, உடனே துடைத்து மாட்டிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கார்பைடு பிளேடுக்கு வைரக் கல்லில் சாணை பிடிக்கும் கடையில் கொடுங்கள். கார்பைடு தடிமனான பிளேடாக வாங்கியிருந்தால் பல முறை தாங்கும்.