ஆலயத்திற்கு உடுத்திச் செல்வது – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் தம்பியை முன்னிட்டு இதை எழுதுகிறேன். நெடுநாளாக ஆலயத்தின் பக்கமே வராதிருந்தவன் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே ஆராதனைக்கு வந்தான். ஜீன்ஸும் கழுத்து நைந்த டி-ஷர்ட்டும் அணிந்திருந்தான். வாசலில் நின்ற பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓர் அதிகாரியைப் பார்க்க இப்படிப் போவாயா?" என்று கேட்டார். அதன்பின் அவன் வரவில்லை. "கடவுள் இருதயத்தைத்தான் பார்க்கிறார், சட்டையை அல்ல" என்கிறான். நானோ சனிக்கிழமை இரவே சட்டையைத் தேய்த்து மாட்டிவைக்கும் ஆள்; பெரியவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இதற்கு வேதத்தில் ஏதேனும் அளவுகோல் உண்டா?

அன்புடன்,
ஜே.

அன்புள்ள ஜே.,

அந்தப் பெரியவர் அறிந்தோ அறியாமலோ பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி மல்கியாவின் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். குருடும் முடமுமான ஆடுகளைப் பலிபீடத்திற்குக் கொண்டுவந்தவர்களிடம், இதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், அவன் உன்மேல் பிரியப்படுவானா என்று அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரம் கேட்கிறது. ஆகவே அதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மந்தையில் நல்ல கடா இருக்கும்போதே கெட்டுப்போனதைக் கொண்டுவந்து பலியிடும் கபடக்காரன்தான் அங்கே சபிக்கப்படுகிறான். கொண்டுவந்ததன் விலையைவிட, கொடுக்காமல் வைத்துக்கொண்டது எது என்பதே அங்கு பேச்சு. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர் இரண்டு புறாக்களைச் செலுத்தலாம் என்று லேவியராகமம் இடம் கொடுத்திருந்தது; குழந்தை இயேசுவை ஆலயத்திற்குக் கொண்டுவந்த பெற்றோரின் காணிக்கையாக லூக்கா குறிப்பிடுவதும் பறவைகளைத்தான்.

இந்த அளவுகோலை ஆடைக்கு வைத்துப் பார்த்தால், கழுத்து நைந்த அதே டி-ஷர்ட் ஒருவரிடம் இருப்பதிலேயே நல்ல உடையாகவும், இன்னொருவரிடம் எழுந்த கோலத்தில் கிளம்பி வந்த அலட்சியமாகவும் இருக்கக்கூடும். இரண்டில் எது என்று அணிந்திருப்பவருக்குத் தெரியும்; வாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

உங்கள் தம்பி சொல்லும் வாக்கியம் 1 சாமுவேல் 16இல் வருவது. அரசனாக அபிஷேகம் செய்ய வேண்டியவனைத் தேடிவந்து, ஈசாயின் மூத்த மகன் எலியாபின் தோற்றத்தையும் உயரத்தையும் பார்த்து மயங்கிய தீர்க்கதரிசி சாமுவேலிடம், அதாவது பார்க்கிறவரிடம், சொல்லப்பட்ட கண்டிப்பு அது. தம்பி அதை அந்தப் பெரியவரைப் பார்த்துச் சொல்லலாம். தன் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டால் செல்லாது.

ஆயத்தமே வேண்டாம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. சீனாய் மலையடிவாரத்தில் மூன்றாம் நாளுக்கு ஆயத்தப்படும்படி கட்டளை பெற்ற மக்கள் தங்கள் ஆடைகளைத் தோய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. புத்தாடை கேட்கப்படவில்லை, உடுத்தியிருந்ததையே துவைக்கச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். பிரதான ஆசாரியரான ஆரோனுக்கு மகிமையும் அலங்காரமுமாகப் பொன்னிழையும் ரத்தினக் கற்களும் பதித்த உடைகள் செய்யப்பட்டன. ஆனால் பாவநிவாரண நாளில் மகா பரிசுத்த ஸ்தலத்திற்குள் நுழையும்போது, லேவியராகமம் 16இன்படி, அவர் உடுத்த வேண்டியது வெறும் சணல்நூல் உடை. ஆண்டிலேயே மிகப் புனிதமான அந்த நேரத்தில் உடை எளிமையாகிவிடுகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

புதிய ஏற்பாட்டிற்கு வந்தால் கண்டிப்பு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில்தான் விழுகிறது. 1 தீமோத்தேயு தடுப்பது பின்னிய கூந்தலையும் பொன்னையும் முத்தையும் விலையுயர்ந்த ஆடையையும். யாக்கோபு இன்னும் கடுமையானவர்: பொன்மோதிரக்காரருக்கு நல்ல இருக்கையைக் காட்டிவிட்டு, கந்தை உடுத்திய ஏழையை அங்கே நில் என்றோ காலடியில் உட்கார் என்றோ சொல்லும் சபையைத் தகாத சிந்தனையுள்ள நீதிபதிகள் என்கிறார். இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து ஜெப நேரத்தில் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பவரை எந்த வாசலிலும் யாரும் நிறுத்துவதில்லை என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

கல்யாண வஸ்திரம் இல்லாதவனை வெளியே தள்ளிய உவமையைப் பெரியவர் தரப்பில் எடுத்துக்காட்டுவார்கள். மத்தேயு 22ஐ நிதானமாக வாசியுங்கள். வழிச்சந்திகளுக்குப் போன ஊழியர்கள் நல்லார் பொல்லார் பாராமல் எல்லோரையும் கூட்டிவந்து பந்தியை நிரப்புகிறார்கள். உடையைப் பற்றிக் கேட்பவர் அரசர் ஒருவரே, அதுவும் உள்ளே வந்து விருந்தினரைப் பார்க்கும்போது. அந்தக் கேள்வியை ஊழியர்கள் எவரும் முன்கூட்டிக் கேட்டுவைக்கவில்லை.

இதனால் சபைக்கு விதிகளே கூடாது என்று ஆகாது. பீடத்தருகே வாசகம் வாசிப்பவருக்கும் பாடகர் குழுவுக்கும் உடை ஒழுங்கு வைப்பதில் தவறில்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அவ்விதிகளும் நிரந்தரமல்ல. 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, வழிபாட்டில் பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும், ஆண்கள் மூடக் கூடாது என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விதி இடம்பெறவில்லை.

சனிக்கிழமை இரவு சட்டையைத் தேய்க்கும் வழக்கத்தை நீங்கள் விடவேண்டியதில்லை. மறுநாளை எண்ணியபடி செய்யும் அந்தச் சிறு வேலையிலேயே ஆராதனை தொடங்கிவிடுகிறது. ஆனால் தம்பியை மறுபடி அழைக்கும்போது அவனுக்கும் ஒரு சட்டையைத் தேய்த்து நீட்டிவிடாதீர்கள். அவன் வருகிற கோலத்தில் வரட்டும், வாசலில் நீங்கள் உடன் இருங்கள். அந்தப் பெரியவரிடம் பேச வேண்டியதை, அவன் இல்லாத வேளையில், மரியாதை குறையாமல் பேசிவிடுங்கள்.