எலக்ட்ரீஷியன் பிரிவு: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

பத்தாம் வகுப்பு முடித்த தங்கள் மகன் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர விரும்புவதாகவும், வீடுவீடாகப் போய் மின்விசிறி மாட்டுவதற்கா படிக்க வைத்தோம் என்று வீட்டில் வருத்தம் நிலவுவதாகவும், பொறியாளராகும் வழி அடைபட்டுவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மின்விசிறி மாட்டுவதும் மதிப்புள்ள தொழில்தான். ஆனால் இந்தப் படிப்பு அந்த இடத்தோடு நின்றுவிடுவதில்லை.

பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் இல்லை. தனியார் நிலையமானால், அங்குள்ள எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

தேர்ச்சி பெற்றவுடன் கிடைக்கும் சம்பளத்தை எண்ணி, தொழிற்சாலையில் வேலை பழகும் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சியை வேண்டாமென்று விடும் பிள்ளைகள் பலர். இதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி போன்ற நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. உதவித்தொகை குறைவுதான், நிரந்தர வேலைக்கும் உத்தரவாதமில்லை. எனினும், மோட்டார் ஸ்டார்ட்டரையும் பேனல் போர்டையும் பிரித்துப் பார்த்து, வரைபடத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அங்கேதான் கைவருகிறது. ரயில்வே நிறுவனங்களில் பழகுநர் பயிற்சியை முடித்தவர்களுக்கு, ரயில்வேயின் லெவல் 1 எனப்படும் அடிப்படை நிலைப் பணிகளுக்கான நேரடி நியமனத்தில் 20 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

சொந்தமாகத் தொழில் செய்ய நினைத்தால், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் (வயர்மேன்) தகுதிச் சான்றிதழைப் பெற்றுக்கொள்வது நல்லது. மேற்படிப்பில் ஆர்வம் பிறந்தால், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, பட்டயம் பெற்றபின் பொறியியல் கல்லூரியிலும் அவ்வாறே சேரலாம். ஆகவே தாங்கள் அஞ்சுவதுபோல் பொறியாளராகும் வழி அடைபட்டுவிடவில்லை, கணக்குப் பாடத்தை மட்டும் கைவிடாதிருக்க வேண்டும். வளைகுடா வேலையென்று யாரேனும் அணுகினால், அந்த முகவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு, ஜிஎஸ்டி நீங்கலாக, 30,000 ரூபாய்.

ரயில்வே உதவி லோகோ பைலட் (ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர்) பணிக்கும் எலக்ட்ரீஷியன் பிரிவினர் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குக் கண்ணாடி அணியாத முழுப் பார்வை வேண்டும். நிறக்குருடு உள்ளவர்களை ஏற்கமாட்டார்கள். அந்தக் கனவோடு மகனைச் சேர்ப்பதானால், விண்ணப்பம் வாங்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று சோதித்துவிடுங்கள்.