முகத்தைப் பார்த்து நாடி சொல்லும் ஆப்: அப்பத்தாவுக்கு நம்பலாமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஊர் வீட்டில் அப்பத்தா இருக்கிறார், வயது 79. நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். வாட்ச் கட்டிவிட்டால் கழற்றி வைத்துவிடுகிறார். போன் கேமரா முகத்தைப் பார்த்தே இதயத் துடிப்பைச் சொல்லும் என்கிறார்களே, நம்பலாமா? வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே அளக்க முடியுமா?

பதில்: அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது சராசரித் துடிப்பு எவ்வளவு என்று அறிய ஓரளவு நம்பலாம். ஆனால் வாட்ஸ்அப் காலில் அளக்க வேண்டாம்.

இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் முகத் தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் இரத்தம் சற்றுக் கூடிக் குறைகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். அதனால் இரத்தம் கூடும் கணத்தில் முகத்திலிருந்து திரும்பி வரும் பச்சை ஒளி ஒரு துளி குறையும். கண்ணுக்கு அது தெரியாது. நெற்றி, கன்னத்தின் ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் தெரிந்துவிடும். நொடிக்கு 1.2 முறை ஏறி இறங்கினால் நிமிடத்துக்கு 72. அறை வெளிச்சத்தில் சாதாரண கேமராவாலேயே இது முடியும் என்று 2008-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள்.

வீடியோ கால் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. சுருக்கும்போது கண்ணுக்குப் புலப்படாத நிற மாற்றங்களைத்தான் முதலில் கழித்துவிடும். நமக்கு வேண்டியதோ அதுதான். எனவே ஆப் அப்பத்தாவின் போனிலேயே ஓடட்டும், எண்ணை மட்டும் உங்களுக்குச் சொல்லட்டும். முகத்தை அழகாக்கும் பில்டர் இருந்தால் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

வீட்டில் முற்றம் இருந்தால் அதை ஒட்டிய தாழ்வாரத்தைவிட நல்ல இடம் இல்லை. பகலில் வானத்து வெளிச்சம் சீராக விழும். முகம் முற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும், நேர் வெயில் படக்கூடாது. கலர் கண்ணாடி சன்னலுக்கு எதிரே வேண்டாம். சிவப்புக் கண்ணாடி பச்சை ஒளியை உள்ளேயே விடாது. போனைக் கையில் பிடிக்காமல் எதன் மீதாவது சாய்த்து வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும்.

அப்புறம், வெற்றிலை. நொடிக்கு ஒரு முறை மென்றால் தாடையோடு கன்னமும் அசையும். ஆப் அந்த அசைவையே துடிப்பென்று எடுத்து 60 என்று காட்டக்கூடும். பார்க்க இயல்பான எண் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. அளந்து முடியும்வரை மெல்லவோ பேசவோ வேண்டாம். நெற்றியில் திருநீறு பூசியிருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள், கன்னம் தெரிந்தால் போதும். கறுத்த தோலில் மெலனின் நிறைய ஒளியை விழுங்கிவிடும் என்பதால் நம்மவர்களுக்கு நல்ல வெளிச்சம் இன்னும் அவசியம்.

நம்பத் தொடங்குமுன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆப் அளக்கும் அதே நேரத்தில் வீட்டுக்கு வருபவர் யாராவது மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கட்டும். கையில் சுற்றும் பி.பி. மெஷின் இருந்தால் ஆப் முடிந்ததும் அதில் பார்க்கலாம், அதுவும் துடிப்பைக் காட்டும். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் ஆப்பை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நாடி பார்க்கும்போது துடிப்பு ஒழுங்கில்லாமல் விட்டு விட்டு வந்தால் ஆப் என்ன சொன்னாலும் ஈசிஜி எடுக்க வேண்டும். இந்த வயதில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கோளாறு வரக்கூடியது. சராசரி எண்ணில் அது மறைந்துவிடும். ஓய்வில் அடிக்கடி 100-க்கு மேலோ 50-க்குக் கீழோ வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். அதே ஆப் பி.பி., சர்க்கரை என்று எண் காட்டினால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் அளந்துகொண்டு இருக்கக் கூடாது, உடனே 108. சிங்கப்பூரிலிருந்து நீங்கள் அந்த எண்ணை அழைத்தால் இங்கே வராது. பக்கத்து வீட்டுக்காரர் இருவரின் எண்களை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.